ஆறாம் நம்பர் தூண்

ஓசூரில் நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. சிவில் டிப்ளமோ படித்தவன் என்றால் வீடு கட்டுவான், ரோடு போடுவான், குறைந்தபட்சம் வெயிலில் நின்று யாரையாவது திட்டுவான் என்று எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நானோ பாகலூர் ரோட்டில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து எண்களை அழித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஒருதரம் வந்து அரைமணி நேரம் என் தோளுக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தான். "ஏல, எழுதுனா சம்பளம் குடுப்பாங்க. அழிக்கதுக்குமா குடுக்காங்க?" என்று கேட்டான். அவன் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிறவன். ஒரு நாளைக்கு எத்தனை பண்டல் என்று கேட்டால் சொல்ல அவனிடம் ஒரு விடை இருந்தது. என்னிடம் இல்லை.

வேலை இதுதான். தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. வார்த்து வரும் கனமான இரும்புத் துண்டுகளைக் கடைகிற நீளமான ஷெட் ஒன்று அங்கே இருந்தது. அதன் சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்துக் காலிமனைக்காரர் அடித்தளம் போடுகிறேன் என்று பெரிய பள்ளம் தோண்டினார். பாதியில் பங்காளிச் சண்டை வந்து வேலை நின்றுபோனது, பள்ளம் அப்படியே கிடந்தது. மழைத்தண்ணீர் நின்று மண் இளகினால் ஷெட்டின் தூண்கள் பள்ளத்துப் பக்கம் சாயுமோ என்று தொழிற்சாலைக்காரர்களுக்குப் பயம். எங்கள் முதலாளியைக் கூப்பிட்டார்கள். பள்ளத்தை ஒட்டிய எட்டுத் தூண்களிலும் நாங்கள் ஒவ்வொரு சென்சார் மாட்டினோம். சோப்பு டப்பா அளவில் இருக்கும். தூண் ஒரு நூல் சாய்ந்தாலும் சொல்லிவிடும். அரைமணிக்கு ஒருதரம் எட்டு எண்கள் ஒரு பெட்டியில் பதிவாகும். வாரம் ஒருநாள் நான் போய் அவற்றைப் பென்டிரைவில் எடுத்து வந்து, கழுவித் துடைத்து, தூண்கள் எப்படி இருக்கின்றன என்று ஒரு பக்க ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

கழுவுவது ஏன் என்றால், சென்சார் பொய் சொல்லாது என்று நினைப்பவர்கள் அதோடு குடித்தனம் நடத்தியதில்லை. பக்கத்தில் வெல்டிங் வைத்தால் அது துள்ளும். கரண்ட் போய் வந்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். எலி வயரைக் கடித்தால் நாள் முழுக்க ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு சாமியார் மாதிரி இருக்கும். மதிய வெயிலில் தகரக் கூரை காய்ந்து எட்டுத் தூணும் ஒன்றாகச் சாய்ந்து, சாயங்காலம் ஒன்றாக நிமிரும். துள்ளியதை அழிக்க வேண்டும். விடுபட்ட இடத்தை முன்னும் பின்னும் இருப்பதை வைத்து நிரப்ப வேண்டும். ஒரு சென்சார் அடியோடு கெட்டுவிட்டால், சரிசெய்கிறவரை அதன் இரண்டு பக்கத்துத் தூண்களின் சராசரியை அதற்கும் போடலாம். பக்கத்து வீட்டைப் பார்த்து இவன் வீட்டிலும் இன்று சாம்பார்தான் என்று எழுதுகிற வேலை.

எங்கள் முதலாளி சேலத்துக்காரர், அரசாங்க வேலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எனக்குச் சொன்ன விதி ஒன்றுதான். "அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கு தம்பி. காரணம் எழுதாம ஒண்ணையும் எடுக்காத." அதற்காகவே எங்கள் தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. எதை அழித்தாலும் அங்கே ஏன் என்று எழுத வேண்டும். வெல்டிங், கரண்ட், எலி, வெயில். இந்த நாலு வார்த்தையில் எனக்கு முக்கால்வாசி வருஷம் ஓடிவிடும்.

ஐந்தாவது காரணம் ஒன்றும் இருந்தது. அந்த ஷெட்டில் தூண்களின் மேல் தண்டவாளம் போட்டு, அதில் ஒரு கிரேன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். அதை ஓட்டுகிறவர் மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பார். கூண்டுக்கு ஏறும் இரும்பு ஏணி ஆறாம் நம்பர் தூணில் இருந்தது. அந்தக் கிரேன்காரர் ஜவளகிரிப் பக்கத்துக்காரர். கேழ்வரகு போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஷெட்டில் தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் விடாமல் சார் என்பார். ஆறாம் நம்பர் தூண் தன்னுடையது என்பது அவர் எண்ணம். அதில் வேறு ஆள் எண்ணெய்த் துணியைத் தொங்கவிட்டால்கூட எடுத்து வீசிவிடுவார்.

நான் சேர்ந்த முதல் வருஷம் ஆயுத பூஜைக்குப் பொரி கடலைக்கு ஆசைப்பட்டு ஷெட்டுக்குப் போயிருந்தேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய். இவர் தன் தோட்டத்திலிருந்து டெம்போவில் ஒரு முழு வாழைமரத்தைக் குலையோடு கொண்டுவந்து ஆறாம் நம்பர் தூணில் சாத்தி, கயிற்றை என் சென்சாரின் மேலேயே நாலு சுற்றுச் சுற்றி, காலால் உதைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். நான் அலறினேன்.

"சாமிக்குக் கட்றது சார். லூசா கட்டக் கூடாது" என்றார்.

"அண்ணே, அந்த டப்பா பிஞ்சிரும்ணே."

"பிய்யாது. அதுக்கும் பொட்டு வெச்சிருக்கன், பாருங்க."

வைத்துத்தான் இருந்தார். அந்த வாரம் ஆறாம் நம்பரின் எண் பூஜை அன்று காலை பத்து மணிக்குப் படியேறினாற்போல் ஒரே குதி குதித்து அங்கேயே நின்றிருந்தது. கயிறு சென்சாரை நகர்த்தியிருக்கிறது, தூண் எங்கும் போகவில்லை. குதித்த அளவைக் கழித்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் "ஆயுத பூஜை, வாழைமரம்" என்று எழுதினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருஷமும் அதே தூண், அதே கயிறு, அதே குதி. அந்தமுறை சத்தம்கூடப் போடாமல் பொரியைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன்.

மூன்றாம் வருஷம் ஆடி மாசத்தில் அண்ணன் செத்துப்போனான். வேலை நேரத்தில் பண்டலைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்தானாம், பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், கொள்ளி நான்தான் வைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மொட்டைத் தலையோடு ஓசூருக்குப் பஸ் ஏறினேன். முதலாளி, "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றதுதானே தம்பி" என்றார். இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டேன், படுத்தால் தூங்கினேன். சிலசமயம் டீ ஆறிப்போய் ஆடை கட்டியதைக் குடிப்பேன், அது ஆறிப்போயிருக்கிறது என்பது பாதி குடித்த பிறகுதான் தெரியும். பல் பிடுங்கப் போகும்போது ஊசி போட்டு வாயில் ஒரு பக்கத்தை மரக்க வைப்பார்களே, அந்தப் பக்கம் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்கும். நான் முழுசாகவே அப்படித்தான் இருந்தேன். வேலை மட்டும் முன்னைவிட வேகமாக நடந்தது. கையை வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு வாரத்தைத் துடைத்துப் போட்டுவிடுவேன்.

ஒன்றை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. துக்கம் விசாரிப்பவர்கள். எப்படிப் போனார், என்ன வயசு, பிள்ளைகள் எத்தனை. இந்த மூன்று கேள்விக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது நான் பொய் சொல்கிறேன் என்று தோன்றும். அதனால் ஆள் இருக்கிற இடத்துக்குப் போவதைக் குறைத்தேன். வாரந்தோறும் ஷெட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். முதலாளியின் வீடு தொழிற்பேட்டை வழியில்தான், பென்டிரைவை அவரே எடுத்துவந்து கொடுத்தார். பாவம், ஒன்றும் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. நான் ரூமிலேயே படுத்திருந்தேன். அந்த வாரம் பூராவும் மழை. வெளியே லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போயின. இரண்டு நாள் கழித்து முதலாளி பென்டிரைவும் ஒரு பொட்டலம் பொரியும் கொண்டுவந்தார். பொரியைத் துக்க வீட்டுக்காரன் கையில் கொடுக்கலாமா என்று அவருக்குச் சந்தேகம். அதனால் மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறாம் நம்பர் நகர்ந்திருந்தது. ஆனால் அது குதி இல்லை. முந்தைய இரண்டு வருஷமும் காலை பத்து மணிக்கு ஒரே தாவலாகத் தாவியது, இந்தமுறை பூஜைக்கு முந்தின நாள் இரவிலிருந்து சின்னச் சின்னப் படிகளாகப் பள்ளத்துப் பக்கமாக இறங்கியிருந்தது. அந்த வித்தியாசத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். பார்த்தேன். ராத்திரியே மரத்தைக் கட்டிவிட்டு மழையில் கயிறு இறுகியிருக்கும் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டு, "ஆயுத பூஜை, வாழைமரம்" என்று எழுதிக் கழித்தேன்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கிரேன்காரரின் நம்பர் என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது. ஆனால் அவர் எடுத்ததும் முதல் வார்த்தையாக, "அண்ணன் தவறிட்டாராமே சார்" என்பார். எப்படிப் போனார், என்ன வயசு, பிள்ளைகள் எத்தனை. நான் போன் போடவில்லை. காரணம் அவ்வளவுதான், இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன்.

அடுத்த வாரமும் ஆறாம் நம்பர் இறங்கியது. மரம் வாடிக் கயிறு தளர்ந்திருக்கும் என்று எழுதினேன். அதற்கடுத்த வாரமும் இறங்கியது. பக்கத்துத் தூண்கள் இரண்டும் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கும்போது இது மட்டும் போகிறதென்றால் சென்சாருக்குத்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். காரணக் கட்டத்தில் "சென்சார் பழுது" என்று போட்டு, அந்த வரிசையை முழுக்க அழித்து, ஐந்துக்கும் ஏழுக்கும் சராசரி எடுத்து நிரப்பினேன். ரிப்போர்ட்டில் எட்டுத் தூண்களும் வரிசையாக நன்றாக இருந்தன. சென்சாரை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். மழை நிற்கட்டும் என்றார். நானும் மறுபடி கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை ஷிப்டில் அது நடந்தது. கிரேன் ஒரு வார்ப்பைத் தூக்கிக்கொண்டு ஆறாம் நம்பரைக் கடக்கும்போது சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறி இறங்கியது. கிரேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெட்டியிழுத்து நின்றது. வார்ப்பு கீழே விழுந்து தரை பிளந்தது. நல்லகாலம், கீழே யாரும் இல்லை. மேலே கூண்டில் இருந்தவர் தூக்கி எறியப்பட்டு, இடது கை இரும்புச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. கட்டைவிரல் தவிர நான்கு விரல்களும் ஒடிந்தன.

வேகமாக ஓட்டிச் சட்டென்று பிரேக் போட்டதால் வந்த வினை என்று தொழிற்சாலையில் எழுதினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அவரைச் சஸ்பெண்ட் செய்து, என்கொயரிக்கு நாள் குறித்தார்கள். குற்றம் நிரூபணமானால் வேலை போகும். பதினெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர் என்ற பெயரும் போகும். தண்டவாளத்திலோ தூணிலோ கோளாறு இல்லை என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அத்தாட்சி எங்கள் ரிப்போர்ட்.

முதலாளிதான் வந்து சொன்னார். "நல்லவேளை தம்பி, நம்ம பேப்பர் சுத்தமா இருக்குது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

நான் சரி சார் என்றேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. யாருக்கோ எங்கேயோ நடந்த செய்தியைப் பேப்பரில் படிப்பதுபோல் இருந்தது. அன்று மதியம் நான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவரே எங்கள் ஆபீஸுக்கு வந்தார். கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மாடிப்படி குறுகல், ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி ஏறி வந்து, மூச்சு வாங்க என் எதிரே உட்கார்ந்தார். மொட்டையடித்து முளைத்த தலையோடு வேறு ஆள் மாதிரி இருந்தார். முதலாளி வெளியே போயிருந்தார்.

"ரீடிங் பேப்பர் ஒரு காப்பி குடுங்க சார். என்கொயரியில காட்டணும்."

"ரிப்போர்ட்டுதான் அவங்ககிட்டயே இருக்கேண்ணே."

"அது இல்லீங்க. அந்த டப்பா எழுதினது இருக்கும்ல, அது. நான் ஸ்பீடா போவல சார். தண்டவாளம் அங்க சரியில்ல. மனுசன் சொன்னா நம்ப மாட்டாங்க, மிஷின் சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா நீங்க குடுப்பீங்கன்னு வந்தன்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆறாம் நம்பரின் எண்களை எடுத்துக் காட்ட முடியாது என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றேன். "அண்ணே, அந்த சென்சார் கெட்டுப்போச்சு. நீங்க பூஜைக்கு வாழைமரம் கட்டுனதுல இருந்தே அது ஒரு மாதிரிதான். அதை நம்ப முடியாது."

அவர் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"இந்த வருசம் நான் எங்க சார் மரம் கட்டினன்? எங்க அப்பா ஆவணியில தவறிட்டாரு. தீட்டுல மரம் கட்டுவாங்களா? நான் அன்னிக்கு ஷெட்டுப் பக்கமே போவல. அந்தப் பில்லர்ல வேற யாரும் கட்ட மாட்டாங்க, அது உங்களுக்கே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் தீட்டுன்னு பெரிய சார் சொன்னாரு. அதான் நீங்களும் வரலன்னு நெனச்சுக்கினன்" என்றார்.

அவர் வீட்டுச் சாவால் அவர் மரம் கட்டவில்லை. என் வீட்டுச் சாவால் நான் போய்ப் பார்க்கவில்லை. கட்டாத மரத்தைக் காரணமாக எழுதி நான் ஒரு தூணை நிமிர்த்திவைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது தான் மறைப்பது பூசணிக்காய் என்று தெரிந்து மறைக்கிறான்.

பெட்டியிலிருந்து வந்த மூலக் கோப்புகளை நாங்கள் அழிப்பதில்லை, தனியாக வைத்திருப்போம். திறந்தேன். நான் துடைப்பதற்கு முந்தைய ஆறாம் நம்பரைக் கோடாகப் போட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். மழை ஆரம்பித்த ராத்திரி தொடங்கிய கோடு, பூஜை, தீபாவளி எல்லாவற்றையும் தாண்டி விபத்து நடந்த காலைவரை இறங்கிக்கொண்டே வந்திருந்தது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது நம்ம பில்லரா சார்?"

"ஆமாண்ணே. சென்சார் ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அழிச்சிட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் நல்ல கையை நீட்டி அந்தக் கோட்டைத் திரையில் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, "காப்பி குடுங்க" என்றார். பிரிண்ட் எடுத்து, சிடியிலும் போட்டுக் கொடுத்தேன். துணிச்சல் என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். துணிச்சலுக்குப் பயம் வேண்டும், எனக்கு அப்போது பயமும் வரவில்லை.

முதலாளி திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "கம்பெனியை மூடச் சொல்றியா?" என்றார். பிறகு, "காரணம் எழுதாம எடுக்காதன்னுதானேடா சொன்னேன்" என்றார். காரணம் எழுதித்தான் எடுத்திருந்தேன் என்று நான் சொல்லவில்லை. அவர் அதுவரை என்னை டா போட்டதில்லை.

என்கொயரி மார்கழியில், கேண்டீனை ஒட்டிய ஒரு அறையில் நடந்தது. விசாரிக்கக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். சாட்சியாக என்னை அழைத்ததே கிரேன்காரர்தான். வக்கீல் என்னுடைய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார், துடைத்தது ஒன்று, துடைக்காதது ஒன்று.

"இந்த எண்களை எடுத்தது யார்?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"ஆயுத பூஜைக்கு வாழைமரம் கட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். எழுதிக்கொண்டிருந்த ஆள் பேனாவை நிறுத்திவிட்டு, இதை எழுதட்டுமா என்பதுபோல் வக்கீலைப் பார்த்தார். எழுதச் சொன்னார். நான் முதல் இரண்டு வருஷக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் செத்ததையும் சொன்னேன், மழைக்கால விவரம் சொல்லுகிற அதே குரலில்.

பிறகு கிரேன்காரர் பக்கம் திரும்பினார் வக்கீல். "தூண் ரெண்டு மாசமா சாஞ்சிருக்குது. தினம் எட்டு மணி நேரம் அது மேலதான் ஓட்டறீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா? தெரிஞ்சா ஏன் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லல?"

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதும் குனிந்து கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவன் மணிமணியாகப் பேசிக்கொண்டிருக்க, பழி சுமந்தவர் வாயைத் திறக்கவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓட்டினார் என்ற குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். கோளாறை முன்கூட்டிச் சொல்லாததற்கு எச்சரிக்கை என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை, ஆனால் இடதுகை விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கிரேனில் ஏற முடியாது, ஏணியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பள்ளத்தை மூடினார்கள், ஆறாம் நம்பருக்கு முட்டுக் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனிக்கு அந்த வேலை போனது. என்னைப் போகச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை, நானாகவே தை பிறந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என்கொயரி முடிந்த அன்று நாங்கள் இருவரும் கேட்டுக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எதிரே டீக்கடை. நான் வாங்கிக் கொடுத்த டீயை அவர் வலது கையில் வாங்கி, வைக்க இடம் பார்த்து, பெஞ்சில் வைத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"ஏன் சொல்லலன்னு கேட்டாரே சார். தெரியாம இல்ல. பூஜை முடிஞ்சதுல இருந்தே எனக்குத் தெரியும். ஆறாம் நம்பர்கிட்ட வந்தா ஒரு பக்கமா அமுங்கும். துளியூண்டுதான், ஆனா அமுங்கும்."

"அப்போ சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொல்லணும்னு கீழ இறங்கி வருவன். உங்க பேப்பரை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க சார், ஒவ்வொரு வாரமும். அதைப் பாப்பன். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் நல்லா இருக்குதுன்னு போட்டிருக்கும். சரி, பில்லரு நல்லாத்தான் இருக்குது, அப்பா போனதுல இருந்து நமக்குத்தான் தலை நிக்கல, நம்ம மண்டையிலதான் கோளாறுன்னு நெனச்சுக்கினு திரும்ப மேல ஏறிடுவன்." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அதை அங்க எப்படி சார் சொல்றது? பைத்தியக்காரனையா கிரேன் ஓட்ட விட்டீங்கன்னு கேப்பாங்க."

அவர் ஊர்ப் பக்கம் போகிற தளி பஸ் வந்தது. கூட்டம். அவர் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை யாரும் இடித்துவிடாமல் மார்போடு அணைத்தபடி படியில் கால் வைத்தார். நான் முழங்கையைத் தாங்கி மேலே ஏற்றிவிட்டேன். "வர்றன் சார்" என்றார். பஸ் கிளம்பிய பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அண்ணன் செத்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. நான் அன்றுதான் முதல்முறையாக அழுதேன். டீக்கடைக்காரர் வந்து, "என்னாச்சு, யாரு சார் அவரு, சொந்தக்காரரா?" என்று கேட்டார்.